மூன்று சர்வர் குபர்நெட்டிஸ் கிளஸ்டரில் எதை முதலில் நிறுவுவது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். வண்ணார்பேட்டையில் சிறிய மென்பொருள் நிறுவனம், அரிசி ஆலைகளுக்கும் கடைகளுக்கும் பில்லிங் மென்பொருள் தருகிறீர்கள். ஆபீஸில் மூன்று சர்வர், ஒவ்வொன்றிலும் 16 ஜிபி ராம், 500 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றே ஒன்று, நடுவில் ஒரு ஜிகாபிட் சுவிட்ச். உபுண்டுவில் குபேஅட்மின் என்ற நிறுவும் கருவி கொண்டு குபர்நெட்டிஸ் கிளஸ்டரை, அதாவது செயலிகளைக் கன்டெய்னர்களாகச் சேர்ந்து ஓட்டும் சர்வர் கூட்டத்தை, எழுப்பிவிட்டீர்கள், நெட்வொர்க்குக்கு ஃபிளானல். இனி ஸ்டோரேஜுக்கு லாங்ஹார்னா ரூக்கா, பாதுகாப்புக்கு ஃபால்கோ, ட்ரிவி, கைவர்னோ மூன்றும் வேண்டுமா, கண்காணிப்புக்கு புரோமிதியஸ், கிராஃபானா, லோக்கி போட்டால் 16 ஜிபி தாங்குமா, எந்த வரிசையில் போடுவது என்று கேட்கிறீர்கள். கடைசி வரியில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: அடுத்த மாதம் பில்லிங் டேட்டாபேஸை இதற்குள் மாற்றப்போகிறோம் என்று. எனக்கு அந்த வரிதான் கேள்வி. அடுத்தவர் கணக்கை இந்த மூன்று பெட்டியை நம்பி வைக்கலாமா என்பதற்கு என்ன தேவையோ, அதை வைத்துத்தான் எதை நிறுவ வேண்டும், எதை விட வேண்டும் என்று சொல்லப்போகிறேன்.

திருநெல்வேலி, தூத்துக்குடி பக்கம் ஆபீஸுக்குள்ளேயே சர்வர் வைத்திருக்கும் சிறிய நிறுவனங்களுக்கு கிளஸ்டர் அமைத்துப் பார்த்துக்கொள்வது என் வேலை. அதனால் நான் சொல்வதெல்லாம் மூன்றிலிருந்து ஐந்து நோடு (கிளஸ்டரில் சேர்ந்த சர்வர்) வரைக்கும், சொந்த இடத்தில், ஒன்றிரண்டு பேர் பராமரிக்கும் கிளஸ்டருக்குப் பொருந்தும். கிளவுடில் வாடகைக்கு எடுத்த பெரிய கிளஸ்டருக்கு இதில் பாதி தேவைப்படாது. சொல்பவற்றில் சில குபர்நெட்டிஸே நடந்துகொள்ளும் விதம், யார் நிறுவினாலும் மாறாது. சில என் பழக்கத்தில் வந்த கருத்து, வேறொருவர் வேறு மாதிரி சொல்லலாம். எது எந்த வகை என்று அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் கேட்காத ஒன்றை முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அதைப் பிறகு செய்வது கஷ்டம். ஒரு பாட் (கன்டெய்னராக ஓடும் செயலியின் மிகச் சிறிய அலகு) யாரோடு பேசலாம், யாரோடு பேசக்கூடாது என்று கட்டுப்படுத்த குபர்நெட்டிஸில் இருப்பது நெட்வொர்க் பாலிசி. எதுவும் எழுதாவிட்டால் கிளஸ்டரில் எல்லா பாட்டும் எல்லாவற்றோடும் பேசும். ஃபிளானலை வழக்கமான முறையில் நிறுவினால் அது இந்தப் பாலிசியைக் கண்டுகொள்ளவே செய்யாது. மோசம் என்னவென்றால், நீங்கள் பாலிசி எழுதிக் கொடுத்தால் கிளஸ்டருக்கு வரும் கட்டளைகளை வாங்கும் ஏபிஐ சர்வர் அதை வாங்கி வைத்துக்கொள்ளும், எரர் எதுவும் வராது, பட்டியலிலும் தெரியும். ஆனால் டேட்டாபேஸ் பாட்டை எந்தப் பாட்டும் தொட முடியும். ஆகவே டேட்டா எதுவும் உள்ளே வருவதற்கு முன் ஃபிளானலை எடுத்துவிட்டு கேலிகோ அல்லது சிலியம் போடுங்கள். இரண்டில் எது என்பது என் கருத்தில் பெரிய விஷயம் இல்லை. கேலிகோ எளிது, சிலியம் கூடுதலாகப் பல காரியம் செய்யும், அதற்கேற்ப ராமும் கேட்கும். இன்றைக்கு கிளஸ்டர் காலியாக இருக்கிறது, கலைத்துவிட்டுத் திரும்ப எழுப்பினாலும் ஒரு மதியம்தான் ஆகும். மாற்றிய பிறகு ஒரு பாலிசியில் எல்லாவற்றையும் மறுத்துவிட்டு, ஒரு பாட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போய்ப் பாருங்கள். போக முடியாவிட்டால்தான் பாலிசி வேலை செய்கிறது.

அடுத்தது டிஸ்க். ஒரே எஸ்எஸ்டி என்கிறீர்கள், இது எனக்கு உறுத்துகிறது. கிளஸ்டரின் முழு நினைவும் எட்சிடி என்ற சிறிய டேட்டாபேஸில் இருக்கிறது. அது எழுத வேண்டிய ஒவ்வொன்றையும் டிஸ்கில் நிஜமாகப் பதிந்த பிறகுதான் அடுத்த வேலைக்குப் போகும். அந்தப் பதிவு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது முறை 10 மில்லிசெகண்டுக்குள் முடிய வேண்டும் என்பது எட்சிடி ஆவணங்களே சொல்லும் அளவு. நோடுகளின் டிஸ்குகளில் டேட்டாவை நகலெடுத்து வைக்கும் ஸ்டோரேஜ்தான் லாங்ஹார்ன், நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் அது தன் டேட்டாவை உபுண்டு இருக்கும் அதே ரூட் டிஸ்கில்தான் வைக்கும். இரவு பேக்கப் ஓடி லாங்ஹார்ன் டிஸ்கைப் பிடித்துக்கொண்டால் எட்சிடி தாமதமாகும், தாமதமானால் மூன்று எட்சிடியும் தலைவரைத் திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுக்கும், வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் கிளஸ்டர் காரணமே இல்லாமல் தடுமாறுவது போல் இருக்கும். ஃபால்கோ, கைவர்னோ எல்லாம் யோசிப்பதற்கு முன் சர்வருக்கு ஒரு எஸ்எஸ்டி கூடுதலாக வாங்கி, லாங்ஹார்னுக்கென்று தனியாகக் கொடுங்கள். வாங்கும்போது மின்சாரம் போனாலும் கையில் இருப்பதை எழுதி முடிக்கும் பாதுகாப்புள்ள சர்வர் ரக எஸ்எஸ்டியாக வாங்குங்கள். வீட்டுக் கம்ப்யூட்டர் ரகத்தில் சில 'எழுதிவிட்டேன்' என்று சொல்லிவிட்டு தன் தற்காலிக நினைவில் வைத்திருக்கும், கரண்ட் போனால் அது போய்விடும். நம்ம ஊர் மின்சாரத்துக்கு இந்த வித்தியாசம் காகிதத்தில் மட்டும் இருப்பதில்லை.

இனி லாங்ஹார்னா ரூக்கா. ரூக் என்பது செஃப் என்ற பெரிய ஸ்டோரேஜை குபர்நெட்டிஸுக்குள் ஓட்டும் முறை. நல்ல, முதிர்ந்த மென்பொருள், 2020-லேயே சிஎன்சிஎஃப் (குபர்நெட்டிஸைப் பராமரிக்கும் அறக்கட்டளை) தரும் முதிர்ச்சிப் பட்டம் பெற்ற திட்டம். ஆனால் செஃப் ஒவ்வொரு டிஸ்குக்கும் ஓட்டும் ஓஎஸ்டி என்ற நிரல் மட்டுமே வழக்கமான அமைப்பில் 4 ஜிபி ராமைக் குறிவைக்கும். அதற்கு மேல் மானிட்டர்கள், மேனேஜர் எல்லாம் உண்டு. 16 ஜிபி நோடில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை ஸ்டோரேஜுக்கே கொடுத்துவிட்டு என்ன செய்வீர்கள்? அதோடு செஃப் பழுதாகும் இரவில் அதைப் படித்துப் புரிந்துகொள்ள ஒருவர் வேண்டும். உங்களிடம் இரண்டு பேர், இருவரும் பில்லிங் மென்பொருளும் எழுதுகிறார்கள். லாங்ஹார்ன் உங்களுக்குப் போதும் என்பது என் கருத்து, இதில் எனக்கு அதிகம் தயக்கம் இல்லை.

லாங்ஹார்னை ஹெல்ம் என்ற நிறுவும் கருவியில் ஒரே கட்டளையில் நிறுவலாம், ஆனால் அதற்கு முன் மூன்று நோடிலும் நெட்வொர்க் வழியாக டிஸ்கை இணைக்கும் ஓப்பன்-ஐஸ்கசி இருக்க வேண்டும், பகிர்ந்த வால்யூமுக்கும் (பாட்டுக்கு ஒதுக்கும் டிஸ்க் இடம்) பேக்கப்புக்கும் என்எஃப்எஸ் என்ற நெட்வொர்க் ஃபைல் பகிர்வின் கிளையன்ட் வேண்டும். இரண்டையும் உபுண்டுவிலேயே ஏற்றிக்கொள்ளலாம். உபுண்டு சர்வரில் ஒரே டிஸ்குக்குப் பல வழி இருந்தால் ஒன்றாக்கும் மல்டிபாத் சேவை தானாக ஓடிக்கொண்டிருக்கும், அது லாங்ஹார்ன் உருவாக்கும் டிஸ்குகளையும் தன்னுடையதென்று பிடித்துக்கொள்ளும். பாட் எழும்பாமல் 'ஏற்கெனவே மவுண்ட் ஆகியிருக்கிறது' என்ற மாதிரி எரர் வந்து பலர் ஒரு நாளைத் தொலைப்பது இதனால்தான். மல்டிபாத் தேவையில்லை என்றால் நிறுத்திவிடுங்கள், தேவையென்றால் அந்த டிஸ்குகளை விலக்குப் பட்டியலில் போடுங்கள். லாங்ஹார்ன் உருவாக்கும் ஸ்டோரேஜ் கிளாஸில் (வால்யூம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற அமைப்பு) வால்யூமை நீக்கினால் டேட்டாவும் சேர்ந்து அழியும் என்பதுதான் இயல்பு அமைப்பு. கணக்கு வைக்கும் வால்யூமுக்கு, அழிக்காமல் வைத்துக்கொள்ளச் சொல்லும் இன்னொரு கிளாஸை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். லாங்ஹார்னின் வலைப்பக்கத்துக்குக் கடவுச்சொல் கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள். வெளியே திறந்துவிட்டால் வால்யூமை யாரும் அழிக்கலாம்.

இடத்தையும் வேகத்தையும் முன்கூட்டியே கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று ரெப்ளிகா என்றால் ஒரே டேட்டா மூன்று நோடிலும் இருக்கும், எனவே 500 ஜிபி டிஸ்க் மூன்று போட்டாலும் கையில் நிற்பது ஒரு டிஸ்கின் இடம்தான். அதிலும் கால்பங்கு காலியாக இருக்க வேண்டும் என்று லாங்ஹார்ன் எதிர்பார்க்கும். ஆக 375 ஜிபி, ஸ்னாப்ஷாட்டுகள் (அந்தந்த நேரத்து நிலையின் பதிவுகள்) அதிலிருந்தும் எடுக்கும். வேகம் வேறு கதை. எழுதும் ஒவ்வொன்றும் எல்லா ரெப்ளிகாவிலும் போய்ச் சேர்ந்த பிறகுதான் முடிந்ததாகக் கணக்கு. ஒரு ஜிகாபிட் கம்பியில் நொடிக்கு ஏறத்தாழ 115 எம்பி போகும், இரண்டு ரெப்ளிகா பக்கத்து நோடுகளில் இருந்தால் அதை இரண்டாகப் பிரிக்க வேண்டும், அப்போது 58 எம்பியைத் தாண்டாது. இவ்வளவும் கூட்டல் வகுத்தல். உங்கள் பில்லிங்குக்கு அது போதுமா என்பதை டிஸ்க் சோதனை செய்து பார்த்துத்தான் சொல்ல முடியும். சின்னச் சின்ன பில்கள் எழுதும் டேட்டாபேஸில் மொத்த வேகத்தைவிட ஒவ்வொரு முறை எழுதவும் ஆகும் தாமதம்தான் உறைக்கும்.

இங்கேதான் டேட்டாபேஸ் வருகிறது. போஸ்ட்கிரெஸ் என்று எழுதியிருக்கிறீர்கள். போஸ்ட்கிரெஸுக்குத் தன்னையே வேறு நோடுக்கு நகலெடுக்கத் தெரியும். கிளவுட்நேட்டிவ்பிஜி மாதிரி ஒரு ஆபரேட்டர் (டேட்டாபேஸைத் தானாகப் பார்த்துக்கொள்ளும் நிரல்) வைத்து மூன்று போஸ்ட்கிரெஸ் ஓட்டி, ஒவ்வொன்றின் கீழும் மூன்று ரெப்ளிகா லாங்ஹார்ன் வால்யூம் போட்டால் ஒரு பில் ஒன்பது இடத்தில் எழுதப்படும். கம்பியும் டிஸ்கும் வீண், பாதுகாப்பு ஒன்றும் கூடுவதில்லை. டேட்டாபேஸை அந்தந்த நோடின் லோக்கல் டிஸ்கிலேயே வையுங்கள், நகலெடுக்கும் வேலையை போஸ்ட்கிரெஸ் பார்க்கட்டும். வாடிக்கையாளர் ஏற்றும் ஃபைல்கள், சிறிய சிறிய செயலிகளின் டேட்டா போன்ற, தன்னை நகலெடுக்கத் தெரியாதவற்றுக்கு லாங்ஹார்ன். டேட்டாபேஸுக்கு லோக்கல் டிஸ்கில் இடம் ஒதுக்க லோக்கல்-பாத் என்ற சிறிய புரொவிஷனர் போதும், ஆனால் அது இடத்துக்கு வரம்பு வைக்காது. 20 ஜிபி கேட்ட பாட் டிஸ்கையே நிரப்பலாம், அதனால் டிஸ்க் இடத்தைக் கண்காணிப்பில் கட்டாயம் சேர்க்க வேண்டும்.

ஒரு நோடு செத்தால் எல்லாம் தானாகப் பக்கத்து நோடுக்குப் போய்விடும் என்று நம்பிக்கொண்டிருந்தால் அதைக் கொஞ்சம் திருத்திக்கொள்ளுங்கள். நோடு பதில் சொல்லவில்லை என்று தெரிந்த பிறகும் வழக்கமான அமைப்பில் 5 நிமிடம் காத்திருந்துதான் குபர்நெட்டிஸ் பாட்டுகளை வெளியேற்றும். ஸ்டேட்ஃபுல்செட்டில் (டேட்டா வைத்திருக்கும் பாட்டுகளை ஓட்டும் முறை) உள்ள பாட் என்றால் அதற்குப் பிறகும் 'முடிந்துகொண்டிருக்கிறது' என்ற நிலையிலேயே நிற்கும், அந்த நோடு திரும்பி வரும்வரை அல்லது நீங்கள் கையால் அகற்றும்வரை. இரண்டு நோடு ஒரே டேட்டாவில் எழுதிவிடக்கூடாது என்பதற்கான எச்சரிக்கை இது, குறை என்று சொல்ல முடியாது. நோடு நிஜமாகவே அணைந்துவிட்டது என்று உறுதியாகத் தெரிந்தால் 'சேவையில் இல்லை' என்ற டெய்ன்ட்டை (நோடின் மேல் ஒட்டும் குறி) அதன் மேல் வைக்கலாம், குபர்நெட்டிஸ் 1.28 பதிப்பிலிருந்து அது நிலையான வசதி. இதை ஒருமுறை சோதனையாகச் செய்து, படிகளைத் தாளில் எழுதி சர்வர் அறைச் சுவரில் ஒட்டிவையுங்கள்.

பேக்கப். 2023 டிசம்பர் 17, 18 யாருக்கும் மறந்திருக்காது. பக்கத்து மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை, தாமிரபரணி கரை புரண்டு ஜங்ஷன் பேருந்து நிலையமே நீரில் நின்றது. உங்கள் ஆபீஸ் வண்ணார்பேட்டையில் தரைத்தளம் என்கிறீர்கள். மூன்று ரெப்ளிகாவும் ஒரே அறையில், ஒரே ரேக்கில் இருந்தால் வெள்ளத்துக்கு அது ஒரே பிரதிதான். லாங்ஹார்னின் ஸ்னாப்ஷாட் அதே டிஸ்கில் இருப்பது. பேக்கப் என்று அது சொல்வதுதான் வெளியே போகும், எஸ்3 வகை கிளவுட் சேமிப்புக்கோ என்எஃப்எஸ்ஸுக்கோ. மும்பையில் ஒரு கிளவுட் சேமிப்பில் இடம் எடுத்து, போஸ்ட்கிரெஸின் தொடர் பதிவுகளையும் லாங்ஹார்ன் பேக்கப்பையும் அங்கே அனுப்புங்கள். எட்சிடி ஸ்னாப்ஷாட்டை மறக்காதீர்கள். குபேஅட்மின் அதைத் தானாக எடுக்காது, நீங்கள்தான் தினமும் ஓடுகிற மாதிரி வைக்க வேண்டும். அதோடு கிளஸ்டரின் சான்றிதழ் கோப்புகளும் சேர வேண்டும். திரும்ப எழுப்பிப் பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் என்று கணக்கில் எடுப்பதில்லை. டேட்டாபேஸை மாற்றும் முன், ஒரு தனிக் கம்ப்யூட்டரில் மும்பையிலிருந்து இறக்கி, நேற்றைய கடைசி பில் அதில் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.

கண்காணிப்புக்கு வருவோம். அளவீடுகளைச் சேகரிக்கும் புரோமிதியஸ், அலெர்ட் அனுப்பும் அலெர்ட்மேனேஜர், அளவீடுகளைப் பலகைகளில் காட்டும் கிராஃபானா மூன்றும் சேர்ந்த குபே-புரோமிதியஸ்-ஸ்டாக் என்ற ஹெல்ம் சார்ட்டையே (நிறுவும் தொகுப்பு) போடுங்கள், தனித்தனியாகச் சேர்க்க வேண்டாம். ஆனால் அதன் இயல்பு அமைப்பில் புரோமிதியஸுக்கு நிலையான டிஸ்க் கிடையாது. பாட் இடம் மாறினால் பழைய அளவீடுகள் போய்விடும், கிராஃபானாவில் நீங்கள் பார்த்துப் பார்த்துச் செய்த பலகைகளும் போகும். எவ்வளவு இடம் வேண்டும்? ஓர் அளவீடு சுருங்கி ஒன்று அல்லது இரண்டு பைட்டில் அடங்கும். ஒரு லட்சம் அளவீட்டுத் தொடர்கள், 30 நொடிக்கு ஒருமுறை, 15 நாள் என்று வைத்துக்கொண்டால் 9 ஜிபிக்குள் முடிந்துவிடும். 20 ஜிபி ஒதுக்கினால் நிம்மதி. அந்த டிஸ்க் லாங்ஹார்னாக இருக்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. லாங்ஹார்ன் படுத்த இரவில் அது ஏன் படுத்தது என்று சொல்ல வேண்டிய புரோமிதியஸும் அதோடு சேர்ந்து படுத்தால் என்ன பயன்? லோக்கல் டிஸ்கில் வையுங்கள். அந்த நோடு போனால் பழைய அளவீடு போகும், போகட்டும். என்எஃப்எஸ் மேல் வைக்க வேண்டாம், புரோமிதியஸ் ஆவணமே அதை ஆதரிக்கவில்லை என்று சொல்கிறது.

குபேஅட்மின் கிளஸ்டரில் இதை நிறுவியதும், கிளஸ்டரை நடத்தும் நிரல்களான ஷெட்யூலர் இல்லை, கன்ட்ரோலர் மேனேஜர் இல்லை என்று அலெர்ட் வந்து குவியும். அவை நன்றாகத்தான் ஓடுகின்றன. தங்கள் அளவீட்டை அந்த நோடுக்குள் மட்டும் காட்டும்படி குபேஅட்மின் அமைத்திருப்பதால் புரோமிதியஸால் எட்டிப்பார்க்க முடியவில்லை. எட்சிடியும் அப்படியே. பலர் அந்த அலெர்ட்டை அணைத்துவிட்டுப் போய்விடுவார்கள். ஷெட்யூலருக்கு அப்படிச் செய்தாலும் பரவாயில்லை, எட்சிடிக்கு மட்டும் செய்யாதீர்கள். மேலே சொன்ன 10 மில்லிசெகண்டைப் பார்க்க அந்த அளவீடு வேண்டும். முகவரியை நோடின் உள் ஐபிக்கு மாற்றி, ஆபீஸ் நெட்வொர்க்குக்கு வெளியே தெரியாமல் ஃபயர்வாலில் அடைத்துவிடுங்கள்.

அந்த சார்ட்டில் வாட்ச்டாக் என்று ஓர் அலெர்ட் எப்போதும் அடித்துக்கொண்டே இருக்கும். தொந்தரவு என்று அதை மூடிவிடாதீர்கள். அதை வெளியே உள்ள ஏதாவது இதயத்துடிப்புச் சேவைக்கு அனுப்புங்கள். துடிப்பு நின்றால் அந்தச் சேவை உங்கள் போனுக்கு அழைக்கும். கிளஸ்டர் முழுக்கக் கரண்ட் இல்லாமல் போனால் உள்ளே இருக்கும் அலெர்ட்மேனேஜரால் எந்தச் செய்தியும் அனுப்ப முடியாது, அந்த மௌனத்தைக் கவனிக்க வெளியே ஒருவர் வேண்டும். மற்றபடி ஆரம்பத்தில் போனுக்கு வர வேண்டியவை மிகக் குறைவு: டிஸ்க் நிரம்பப்போகிறது, எட்சிடி தாமதம், நோடு இல்லை, நேற்றிரவு பேக்கப் முடியவில்லை, சான்றிதழ் காலாவதியாகப்போகிறது. கடைசியில் சொன்னதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். குபேஅட்மின் தரும் சான்றிதழுக்கு ஆயுள் ஒரு வருஷம்தான், மேம்படுத்தும்போது புதுப்பித்துக்கொள்ளும், மேம்படுத்தாமல் விட்டால் ஒரு நாள் காலையில் ஏபிஐ சர்வரோடு யாரும் பேச முடியாது. இன்னொன்று நம்ம ஊருக்கே உரியது, சித்திரை வைகாசி வெயிலில் ஏசி நின்றால் அறை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நோடு எக்ஸ்போர்ட்டர் என்ற அளவீட்டு நிரல் சர்வரின் உள்வெப்பத்தையும் படிக்கும், அதற்கும் ஒரு அலெர்ட் வையுங்கள்.

லாகுகளை, அதாவது செயலிகள் எழுதும் நிகழ்வுப் பதிவுகளை, சேர்த்துவைக்கும் லோக்கியை முதல் மாதத்தில் போட வேண்டியதில்லை. பாட் அழிந்தால் அதன் லாகும் போய்விடும் என்பது உண்மை, ஒருநாள் அது வேண்டியிருக்கும். டேட்டாபேஸ் உள்ளே வந்து நிலைத்த பிறகு ஒற்றை நிரலாக ஓடும் வடிவில் போட்டுக்கொள்ளலாம்.

பாதுகாப்பில் நீங்கள் எழுதிய மூன்று பெயருக்கும் முன்னால், காசும் ராமும் கேட்காத வேலைகள் இருக்கின்றன. 2018-ல் டெஸ்லாவின் கிளவுட் கணக்குக்குள் ஆட்கள் புகுந்து கிரிப்டோ நாணயம் தோண்டினார்கள். அவர்கள் நுழைந்தது கடவுச்சொல் இல்லாமல் திறந்து கிடந்த குபர்நெட்டிஸ் பலகை வழியாக. எந்தக் கருவி இருந்தாலும் அந்தக் கதவை மூடுவது ஆளின் வேலை. ஏபிஐ சர்வரின் 6443 போர்ட், கிராஃபானா, புரோமிதியஸ், லாங்ஹார்ன் பக்கம் எதுவும் இணையத்துக்கு நேரே தெரியக்கூடாது, விபிஎன் வழியாக மட்டும் போங்கள். குபேஅட்மின் தந்த அட்மின் கோப்பை இரண்டு பேரும் பகிர்ந்துகொள்ளாதீர்கள். கொடுத்த கிளையன்ட் சான்றிதழைத் திரும்பப் பெற குபர்நெட்டிஸில் வழி இல்லை, நாளைக்கு ஒருவர் வேலையை விட்டுப் போனாலும் அந்தக் கோப்பு காலாவதி ஆகும்வரை செல்லும். ஆளுக்கொரு பெயர், அவரவர் வேலைக்கு வேண்டிய அளவு உரிமை. சீக்ரெட் என்ற பெயரில் வைக்கும் கடவுச்சொற்கள் எட்சிடியில் இயல்பாகக் குறியாக்கம் இல்லாமல்தான் கிடக்கும், அவற்றை உருமாற்றிக் காட்டும் பேஸ்64 என்பது பூட்டு இல்லை. குறியாக்கத்தை இயக்குங்கள், அந்தச் சாவியை எட்சிடி பேக்கப்பிலிருந்து வேறொரு இடத்தில் பத்திரமாக வையுங்கள். சாவி தொலைந்தால் அந்த பேக்கப்பில் உள்ள சீக்ரெட் எதுவும் திறக்காது.

பாட் எந்த அளவு அதிகாரத்தோடு ஓடலாம் என்பதற்கு முன்பு இருந்த பாட் செக்யூரிட்டி பாலிசி 2022-ல் வந்த 1.25 பதிப்பிலேயே நீக்கப்பட்டுவிட்டது, பழைய வழிகாட்டிகளில் அதைப் பார்த்தால் தாண்டிப் போங்கள். இப்போது நேம்ஸ்பேஸின் (கிளஸ்டருக்குள் பிரித்துவைக்கும் பகுதி) மேல் ஒரு லேபிள் போட்டாலே போதும். உங்கள் பில்லிங் நேம்ஸ்பேஸுக்கு மிகக் கண்டிப்பான நிலையைப் போடுங்கள். லாங்ஹார்ன், நோடு எக்ஸ்போர்ட்டர் போன்றவை நோடின் உள்ளே கை வைத்தால்தான் வேலை செய்யும், அவற்றின் நேம்ஸ்பேஸுக்கு முழு அதிகாரம் தர வேண்டும். மொத்த கிளஸ்டருக்கும் கண்டிப்பைப் போட்டுவிட்டு லாங்ஹார்ன் ஏன் எழவில்லை என்று தேடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

விதிகளுக்கு ஒத்துவராததைத் தடுக்கும் கைவர்னோ பற்றி எனக்குத் தயக்கம் உண்டு, இது கருத்துதான். கிளஸ்டரில் எது உருவாக வேண்டுமானாலும் அதைக் கேட்டுக்கொண்டுதான் நடக்கும்படி அமைத்துவிட்டு, கரண்ட் போய் மூன்று நோடும் ஒரே நேரத்தில் எழும்போது அது இன்னும் எழாமல் இருந்தால், புதிதாக உருவாக வேண்டிய மற்ற பாட்டுகள் வாசலில் நிற்கும். அதைத் தவிர்க்கும் அமைப்புகள் இருக்கின்றன, ஆனால் அவற்றை நினைவில் வைத்திருக்க வேண்டும். உங்களுக்கு வேண்டிய நாலைந்து விதிகளை ஏபிஐ சர்வருக்குள்ளேயே எழுதலாம். வேலிடேட்டிங் அட்மிஷன் பாலிசி என்ற அந்த வசதி 2024-ல் 1.30 பதிப்பில் நிலையானது, அதற்குத் தனி பாட் வேண்டாம். பாதுகாப்பு ஓட்டைகளைத் தேடும் ட்ரிவியை கிளஸ்டருக்குள் ஓட்டுவதைவிட, இமேஜ் (கன்டெய்னராக ஓடப்போகும் செயலித் தொகுப்பு) கட்டும் இடத்தில் ஓட்டுங்கள். ஓட்டையுள்ள இமேஜ் உள்ளே வருமுன்பே தெரிந்துவிடும், நோடின் ராமும் மிச்சம். ஃபால்கோ ஓடிக்கொண்டிருக்கும் கன்டெய்னருக்குள் யாராவது ஷெல் (கட்டளை கொடுக்கும் திரை) திறந்தாலும் சொல்லிவிடும், நல்ல கருவி, லினக்ஸ் கெர்னல் 5.8-க்கு மேல் இருந்தால் தனி மாட்யூல் இல்லாமலே ஓடும். ஆனால் அது சொல்வதைத் தினமும் படித்து, சத்தத்தைக் குறைத்துச் சீர்படுத்த ஆள் வேண்டும். படிக்க நேரம் ஒதுக்கிய பிறகு போடுங்கள்.

ராமுக்கு வருகிறேன். 48 ஜிபி இருக்கிறது என்று நினைக்காதீர்கள். ஒரு நோடு போனாலும் ஓட வேண்டும் என்றால் உங்களிடம் இருப்பது 32. என் அனுபவத்தில் இந்த அளவு கிளஸ்டரில் கன்ட்ரோல் பிளேனுக்கும் (கிளஸ்டரை நடத்தும் நிரல்கள்) உபுண்டுவுக்கும் நோடுக்கு 2 ஜிபிக்குக் கொஞ்சம் மேல், லாங்ஹார்னுக்கு ஒன்று, புரோமிதியஸ் தொகுப்புக்கு மொத்தத்தில் இரண்டிலிருந்து மூன்று என்று போகும். உங்கள் செயலிக்கும் டேட்டாபேஸுக்கும் 20 ஜிபி பக்கம் நிற்கும். இது உத்தேசம், ஒரு வாரம் ஓடிய பின் கிராஃபானாவே சரியாகச் சொல்லும்.

வரிசை என்று கேட்டால்: கேலிகோ, இரண்டாவது டிஸ்க், எட்சிடி ஸ்னாப்ஷாட், நேம்ஸ்பேஸ் லேபிள்களும் உரிமைகளும், லோக்கல்-பாத், புரோமிதியஸ் தொகுப்பு, அதற்குப் பிறகு லாங்ஹார்ன். லாங்ஹார்னுக்கு முன் புரோமிதியஸ் வந்தால் ஸ்டோரேஜ் ஏறும்போது டிஸ்கும் எட்சிடியும் என்ன பாடுபடுகின்றன என்று பார்த்துக்கொண்டே ஏற்றலாம். ஒவ்வொரு ஹெல்ம் சார்ட்டின் பதிப்பு எண்ணையும் எழுதி கிட் (Git) என்ற பதிப்புக் காப்பகத்தில் வைத்துவிடுங்கள். குபர்நெட்டிஸ் பதிப்பு ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 14 மாதம்தான் ஆதரவு, மேம்படுத்தும் ஒவ்வொரு தடவையும் நிறுவியுள்ள எல்லாக் கருவியும் புதிய பதிப்போடு ஒத்துப்போகுமா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். பதினோரு கருவி இருந்தால் பதினோரு முறை பார்க்க வேண்டும்.

டேட்டாபேஸை எப்போது மாற்றுவது? மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்கு என்று காலையிலிருந்து மதியம் வரை மின்சாரத்தை நிறுத்துகிறதே, தேதியை முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். அந்த நாளை ஒத்திகைக்கு வைத்துக்கொள்ளுங்கள். செயலிகளை நிறுத்தி, வால்யூம்கள் கழன்றனவா என்று பார்த்து, நோடுகளை ஒவ்வொன்றாக அணைத்து, மதியம் திரும்ப எழுப்புங்கள். அடுத்த மாதம் வேண்டுமென்றே யாரும் கை வைக்காமல் யுபிஎஸ் தீரும்போது தானாக ஒழுங்காக அணைகிறதா என்று பாருங்கள். இரண்டிலும் தேறிவிட்டால் டேட்டாபேஸை உள்ளே கொண்டுவரலாம். அடுத்த மாதமே என்பதை அதற்கு அடுத்த மாதம் என்று மாற்ற முடியுமா என்று உங்கள் முதலாளியிடம் கேட்டுப் பாருங்கள், அதற்கான காரணங்கள் மேலே இருக்கின்றன.

ஒரு விஷயம் மட்டும் உங்களிடமிருந்து வேண்டும். எஃப்ஐஓ என்ற கருவியால் மூன்று நோடின் எஸ்எஸ்டியிலும், சிறிது சிறிதாக எழுதும் ஒவ்வொரு முறைக்குப் பின்னும் டிஸ்கில் பதியச் சொல்லிச் சோதித்து, தொண்ணூற்றொன்பதாவது சதமான தாமதம் எத்தனை மில்லிசெகண்ட் என்று இங்கே எழுதுங்கள். எஸ்எஸ்டியின் மாடல் பெயரையும் சேர்த்து. லாங்ஹார்னுக்கு ரெப்ளிகா இரண்டா மூன்றா, இருக்கிற டிஸ்கை எட்சிடிக்கே விட்டுவைக்கலாமா, அதையும் மாற்ற வேண்டுமா என்பதை அந்த எண்ணைப் பார்த்துச் சொல்கிறேன்.